இழக்க ஒன்றுமில்லாதவர்களா அந்த மீனவர்கள்?

லூக்கா நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தை விளக்கும் பிரசங்கங்களில் ஒரு கூற்று திரும்பத் திரும்ப வருகிறது. சீமோனும் கூட்டாளிகளும் படிப்போ சொத்தோ இல்லாத பரம ஏழைகளாம். இழக்க ஒன்றுமில்லாததால்தான் இயேசு அழைத்ததும் எழுந்து போனார்களாம். புதுமடம், வேதாளை, மண்டபம் என நீளும் மன்னார் வளைகுடாக் கரையின் தொழிலை அறிந்தவர்கள் இதை ஏற்க முடியாது.

முதலில் சொத்து. கதை தொடங்கும்போதே இரண்டு படகுகள் கரையில் நிற்கின்றன. ஒன்று சீமோனுடையது. செபெதேயுவின் மகன்கள் யாக்கோபும் யோவானும் அவருக்குத் தொழில் பங்காளிகள் என்கிறார் லூக்கா. செபெதேயுவின் படகில் கூலியாட்களும் இருந்ததை மாற்கு (1:20) சொல்கிறார். சொந்தப் படகும் வலையும் வைத்து ஆள் அமர்த்தித் தொழில் செய்பவரை நம் கரையில் சம்மாட்டி என்போம். கரைவலை இழுத்து முடித்தபின் படகுக்கும் வலைக்கும் இவ்வளவு, இழுத்தவர்களுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிப்பதைப் பார்த்தவர்களுக்கு, மீன் நிறைந்து சீமோன் படகிலிருந்தவர்கள் சைகை காட்டியதும் இரண்டாவது படகு ஏன் விரைந்து வந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்த மீனில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

அதற்காக அவர்களைச் செல்வந்தர்களாக்கவும் வேண்டாம். 1986இல் வறட்சியால், அவர்கள் மீன்பிடித்த ஏரியான கலிலேயாக் கடலின் நீர்மட்டம் இறங்கியபோது, ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையான படகு ஒன்று கினோசார் அருகே சேற்றிலிருந்து கிடைத்தது. நீளம் 8.2 மீட்டர், அகலம் 2.3 மீட்டர். பத்து வகைக்குக் குறையாத மரங்களால் அதற்கு ஒட்டுப்போட்டிருந்தார்கள். கிடைத்த பலகையை வைத்துப் படகின் ஆயுளை நீட்டிய தொழில் அது. அந்த ஏரியின் மீன் ஊறுகாய்போட ஏற்றது என்று பண்டைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்திராபோன் எழுதும் அளவுக்கு வியாபாரம் இருந்தது, வரியும் இருந்தது. இதே அதிகாரத்தின் 27ஆம் வசனத்தில் லேவி வரி வசூலிக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். மீன் கதையையும் வரிக்காரர் கதையையும் வெவ்வேறு ஞாயிறுகளில் கேட்பதால், இரண்டும் ஒரே பொருளாதாரம் என்பது நமக்கு விட்டுப்போகிறது.

அடுத்து அறிவு. சீமோனாகிய பேதுருவையும் யோவானையும் படிக்காதவர்கள் என்று முடிவுகட்டுவது அப்போஸ்தலர் பணியில் (4:13) வரும் எருசலேம் தலைமைச் சங்கத்தார். அது அதிகாரத்தில் இருந்தவர்களின் பார்வை. லூக்கா காட்டும் சீமோன் வேறு. கலிலேயாக் கடலில் மீன்பிடித்து வாழ்ந்த ஆய்வாளர் மெண்டல் நூன், இங்கே பேசப்படுவது மூன்றடுக்கு வலை என்கிறார். அந்தக் கால வலை ஆளிச்செடி நார் நூலால் ஆனது. பகலில் மீனின் கண்ணுக்கு வலை தெரிந்துவிடும் என்பதால் இரவில்தான் போடுவார்கள். விடிந்ததும் அலசிக் காயவைக்காவிட்டால் மட்கிவிடும். நைலான் வருவதற்கு முன் நம் கரையிலும் பருத்தி வலைக்கு இதே பாடுதான். ஆக, இராமுழுதும் உழைத்து ஒன்றும் படவில்லை என்று சீமோன் சொல்வது தொழில் தெரிந்தவரின் கணிப்பு. அலசிய வலையைப் பட்டப்பகலில் மறுபடி இறக்கச் சொல்பவரோ நாசரேத்துத் தச்சர். எல்லாம் தெரிந்தும் சீமோன் இசைகிறார். அவரை அறியாதவராக்கினால் அந்த இசைவுக்கு எடையே இல்லை.

பெரும்பாலும் முஸ்லிம்கள் வாழும் புதுமடத்தில் ஈஸா நபியின் (இயேசுவின்) தோழர்களை ஹவாரிய்யூன் என்று குர்ஆன் வழியே அறிவார்கள். குர்ஆன் அவர்களுடைய தொழிலைச் சொல்வதில்லை. லூக்காவின் இந்தப் பதினொரு வசனங்களை அங்குள்ள மீனவர் ஒருவர் படித்தால், பல பிரசங்கிகளைவிட நன்றாகவே விளக்குவார் என்று நம்புகிறேன்.

கடைசியாக, ‘இழக்க ஒன்றுமில்லை’ என்ற வாதம். வெறும் வலையோடு திரும்பிய விடியலில் அவர்கள் தொழிலை விட்டிருந்தால் அதை ஒப்புக்கொள்ளலாம். விட்டதோ இரண்டு படகும் அமிழும் அளவுக்கு மீன் பட்ட நாளில். பின்தொடர்ந்தால் மீன்பாடு பெருகும் என்று இதே பகுதியை வைத்துப் பேசும் செழிப்புப் பிரசங்கத்துக்கும் இங்கே இடமில்லை. பெருகிய மீனைத்தான் கரையில் விட்டுப் போனார்கள். சீமோனுக்கு வீடும் மாமியாரும் இருந்தது முந்தைய அதிகாரத்திலேயே வருகிறது. யாக்கோபும் யோவானும் தகப்பனைக் கூலியாட்களோடு படகில் விட்டுப் போனதாக மாற்கு எழுதுகிறார். அன்றைய மீனை விற்றது யார் என்று லூக்கா சொல்லவில்லை. செபெதேயுவாகத்தான் இருக்க வேண்டும்; அடுத்த இரவு படகு இறக்கவும் இரண்டு மகன்களுக்குப் பதில் அவர்தான் ஆள் தேடியிருக்க வேண்டும்.