ஒரே செடி, இரண்டு நிறம்!

“வீட்டு வாசலில் நிற்கும் ஹைட்ராஞ்சியா, வீடு கட்டிய பிறகு ரோஜா நிறத்தில் பூக்கிறது. அதில் வெட்டிய குச்சியைக் காபித் தோட்டத்து ஓரத்தில் நட்டோம். அது நல்ல நீலமாகப் பூக்கிறது. படிகாரத் தண்ணீர் ஊற்றினால் வாசல் செடியும் நீலமாகுமா? காபிச் செடிகளுக்கும் சேர்த்து ஊற்றலாமா?”

- வாசகி, செம்மேடு, கொல்லிமலை.

வாசல் செடிக்கு ஊற்றலாம், நீலமாகும். காபிக்கு ஊற்றவே கூடாது.

ஹைட்ராஞ்சியாவில் ரோஜாவுக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என இரண்டு சாயம் கிடையாது. சாயம் ஒன்றுதான். மண்ணிலிருந்து அலுமினியம் போய்ச் சேர்ந்தால் அது நீலமாகிறது. சேராவிட்டால் ரோஜா நிறத்திலேயே நிற்கிறது. கொல்லிமலையில் அலுமினியத்துக்குப் பஞ்சமில்லை. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு பாக்சைட் வெட்டி எடுத்ததே இந்த மலையிலும் ஏற்காட்டிலும்தான். ஆனால், மண் அமிலத்தன்மையோடு இருந்தால்தான் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும். பி.ஹெச். அளவு 5.5-க்குக் கீழே இருந்தால் பூ நீலம், 6.5-ஐத் தாண்டினால் ரோஜா. இடையில் இருந்தால் ஊதா அல்லது இரண்டும் கலந்த நிறம். வெள்ளைப் பூ ரகங்கள் மட்டும் எதற்கும் மசியாது.

வாசலில் நிறம் மாறியதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது புதுச் சுவரைத்தான். சிமென்ட் பூச்சு, வெள்ளையடித்த சுண்ணாம்பு ஆகியவற்றிலிருந்து மழையில் வடியும் நீர், சுவரோர மண்ணின் அமிலத்தன்மையைக் குறைத்துவிடும். அடுப்புச் சாம்பலும் இதே வேலையைச் செய்யும். டி.ஏ.பி., எலும்புத்தூள் போட்டாலும் அதிலுள்ள மணிச்சத்து அலுமினியத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு குச்சியைத் தொட்டியில் வளர்ப்பதே சுலபம். 4 லிட்டர் தண்ணீரில் 15 கிராம் படிகாரத்தூளைக் கரைத்து, ஏற்கெனவே ஈரமாக உள்ள மண்ணில், மாதம் ஒருமுறை ஊற்றலாம். மொட்டு கட்டும் முன்பே தொடங்க வேண்டும். அளவு கூடினால் வேர் கருகும். விரிந்த பூ நிறம் மாறாது. அடுத்த பூப்பில்தான் தெரியும். துருப்பிடித்த ஆணியைப் புதைக்கச் சொல்பவர்கள் உண்டு. அதில் இருப்பது இரும்பு, ஆணிதான் வீண்.

வாசல் பூவைவிடத் தோட்டத்து ஓரத்தில் பூத்த நீலத்தைத்தான் கவனிக்க வேண்டும். அந்த மண்ணில் அமிலத்தன்மை அதிகம் என்பதற்கு அது அடையாளம். காபிக்கு பி.ஹெச். 6 முதல் 6.5 வரை இருப்பது நல்லது. அதற்குக் கீழே இறங்க இறங்க, பூவை நீலமாக்கும் அதே அலுமினியம் காபியின் இளம் வேர்களைக் குட்டையாக்கும். காசு கொடுத்து வாங்கிப் போடும் மணிச்சத்தையும் செடிக்குக் கிடைக்காமல் கட்டி வைக்கும். அங்கே படிகாரமும் ஊற்றினால் மண் இன்னும் கெடும். அந்த நிலத்துக்குத் தேவை சுண்ணாம்பு அல்லது டோலமைட்.

எவ்வளவு என்பதைப் பூவைப் பார்த்துச் சொல்ல முடியாது. உரம் வைத்து ஓரிரு மாதங்கள் கழித்து, தோட்டத்தில் பத்து இடங்களில் சருகை ஒதுக்கிவிட்டு, முக்கால் அடி ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோவை நாமக்கல்லில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ மண் பரிசோதனை நிலையத்திலோ கொடுங்கள். வரும் பரிந்துரைப்படி சுண்ணாம்பு இட்டு, குறைந்தது ஒரு மாத இடைவெளி விட்டே ரசாயன உரம் வைக்க வேண்டும்.

இன்னொன்று, ஹைட்ராஞ்சியாவின் இலையும் மொட்டும் ஆடு, மாடுகளுக்கு நஞ்சு. கவாத்து செய்த குச்சிகளைக் கொட்டகைப் பக்கம் போட்டுவிடாதீர்கள்.