கீல் உடைந்தால் யார் குற்றம்?

பணம் கொடுக்க வேண்டியவரே தீர்ப்பும் சொல்லலாமா?

சொல்லக் கூடாது. பஞ்சாயத்து பார்த்த எவருக்கும் இது தெரியும். ஆனால் லேப்டாப் ரிப்பேர் விஷயத்தில் அப்படித்தான் நடக்கிறது.

தமிழக அரசு 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. பல கிராமத்து வீடுகளுக்குள் அந்தப் பெட்டி முதன்முதலாக நுழைந்தது அப்போதுதான். இன்று தர்மபுரி மாவட்டத்தில் பிள்ளையின் படிப்புக்காகச் சொந்தப் பணத்தில் லேப்டாப் வாங்குகிறார்கள். பாலக்கோட்டில் தக்காளி விற்ற பணம் அதில் இருக்கும். பெங்களூரில் கட்டிட வேலை செய்து சேர்த்த பணம் இருக்கும். தாயின் நகையை அடகு வைத்த பணமும் இருக்கும்.

ஓர் ஆண்டு உத்தரவாதம் என்று கடைக்காரர் சொல்லுகிறார். எட்டாவது மாதம் மூடியைத் திறக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம். மூடி ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. கீல் போய்விட்டது!

ரிப்பேர் நிலையத்துக்குக் கொண்டு போனால், "இது நீங்கள் செய்த சேதம். உத்தரவாதம் கிடையாது. பணம் கட்டுங்கள்" என்கிறார்கள்.

இது நியாயமா?

கீலின் கதை

கதவுக்குக் கீல் இருப்பது போல, லேப்டாப் மூடிக்கும் கீல்கள் உண்டு. கீல் உலோகம். அது உட்காரும் இடம், பல லேப்டாப்களில், பிளாஸ்டிக். பிளாஸ்டிக்குக்குள் சின்னச் சின்னப் பித்தளை நட்டுகளைப் பதித்து, அவற்றில் திருகாணியை முடுக்கி இருப்பார்கள்.

மூடி திறந்த இடத்தில் அப்படியே நிற்க வேண்டும். அதற்காகக் கீலை இறுக்கமாகச் செய்கிறார்கள். திறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த இறுக்கம் பிளாஸ்டிக்கை இழுக்கிறது. பிளாஸ்டிக் பலவீனமாக இருந்தால் நாளடைவில் விரிசல் விடும். ஒரு நாள் நட்டு பெயர்ந்து வந்துவிடும். கதவு நல்ல கதவுதான். நிலை உளுத்துப்போனால் கதவு நிற்குமா?

கீழே விழுந்த லேப்டாப் வேறு. பெரும்பாலும் அதன் மூலை நசுங்கி இருக்கும். வெளியே அடிபட்ட தடயம் இருக்கும். எந்தத் தடயமும் இல்லாமல், உள்ளே நட்டு மட்டும் பெயர்ந்து இருந்தால்? வாங்கியவரைக் குற்றவாளி ஆக்குவதற்கு முன் யோசிக்க வேண்டாமா?

தீர்ப்பு சொல்வது யார்?

சேதத்தைச் சோதித்தது யார்? கம்பெனியின் ஆள். முடிவு சொன்னது யார்? அதே ஆள். அந்த முடிவால் லாபம் யாருக்கு? கம்பெனிக்கு!

கம்பெனி சொல்வதெல்லாம் பொய் என்று அர்த்தம் அல்ல. மூடியின் ஒரு மூலையைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பவர்களும் உண்டு. கட்டிலில் கிடந்த லேப்டாப் மீது உட்கார்ந்தவர்களும் உண்டு. அந்தச் சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பல்ல. கீழே போட்டு உடைத்துவிட்டு, "தானாக உடைந்தது" என்று சொல்வது மோசடி.

எது உண்மை என்பதை மூன்றாவது மனிதர் பார்த்துச் சொல்ல வேண்டும். கேட்க வேண்டியது அவ்வளவுதான்.

சட்டம் பக்கத்தில் வந்துவிட்டது

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-ம் ஆண்டே வந்தது. ஆனால் விற்றவர் இருக்கும் ஊரிலோ, விவகாரம் நடந்த ஊரிலோதான் வழக்குப் போட வேண்டும் என்று இருந்தது. வெளியூர்க் கம்பெனி மீது புகார் செய்ய அரூர்க்காரர் தயங்கினார். பஸ் செலவே பெரிதாகிவிடும் என்ற பயம்.

2019-ம் ஆண்டு புதுச் சட்டம் இயற்றப்பட்டது. 2020-ம் ஆண்டு ஜூலை 20-ந் தேதி அமலுக்கு வந்தது. வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலோ, வேலை பார்க்கும் இடத்திலோ வழக்குப் போடலாம் என்று அது சொல்லுகிறது.

மனு கொடுக்க வேண்டியது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளம் வழியாகவும் மனு செய்யலாம். விவகாரம் எழுந்த 2 ஆண்டுக்குள் செய்துவிட வேண்டும்.

தேவைப்பட்டால் பொருளை ஆணையம் சோதனைக்கூடத்துக்கு அனுப்பும். சோதனைக் கட்டணத்தை முதலில் மனுதாரர் கட்ட வேண்டும். குறை கம்பெனியுடையது என்று தெரிந்தால், ரிப்பேர் செய்து கொடு, மாற்றிக் கொடு, விலையைத் திருப்பிக் கொடு என்று உத்தரவிடலாம். நஷ்டஈடும் கிடைக்கலாம்.

சோதனை தேவையில்லாத வழக்கை 3 மாதத்திலும், சோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் தாமதம் ஆவது உண்டு. பொறுமை வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியது

பில்லையும் உத்தரவாத அட்டையையும் பத்திரமாக வைக்க வேண்டும். ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் லேப்டாப்பை நாலு மூலையும் தெரியப் போட்டோ எடுக்க வேண்டும்.

ஆத்திரத்தில் வெளிக்கடையில் கொடுத்துத் திறக்கக் கூடாது. "வெளி ஆள் கை வைத்துவிட்டான்" என்று கம்பெனிக்கு ஒரு புதுக் காரணம் கிடைத்துவிடும்.

மறுத்தால், மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வாய்ப்பேச்சு சாட்சி சொல்ல வராது. எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. ஆங்கிலத்தில் இருந்தால், தெரிந்தவரை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். "சேதம் என்னுடையது" என்று அதில் எழுதி இருந்தால் என்ன ஆகும்?

அடுத்து, கம்பெனியின் மேலிடத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தமிழிலும் பேசலாம். அதிலும் தீராவிட்டால் ஆணையத்துக்குப் போகலாம்.

இன்னும் ஒரு வரி வேண்டும்

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2022-ம் ஆண்டு முதல் ஒரு விதி அமலில் இருக்கிறது. வாங்கிய ஓர் ஆண்டுக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்த குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். "இல்லை" என்றால், விற்றவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

அப்படி ஒரு வரி இந்தியச் சட்டத்தில் இல்லை. அதைப் பாராளுமன்றம் சேர்க்க வேண்டும். லேப்டாப்பை வடிவமைத்தவர்களும், உள்ளே என்ன பிளாஸ்டிக் என்று தெரிந்தவர்களும் கம்பெனியிடம் இருக்கிறார்கள். சோதிக்கும் கருவியும் அங்கே இருக்கிறது. பென்னாகரத்துத் தாயிடம் இருப்பது பில் ஒன்றுதான். நிரூபிக்கும் சுமையை யார் தோளில் வைப்பது நியாயம்?

சட்டம் மாறும் வரை வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. காசு கொடுத்து வாங்கியவர் கம்பெனியிடம் தர்மம் கேட்கவில்லை. தனக்குச் சேர வேண்டியதைக் கேட்கிறார். தைரியமாகக் கேட்கலாம்!