சர்க்கரை இருக்கா? சாக்ஸ் வாங்கும் முன் இதைப் படிங்க!

"நம்ம ஊர்ல யாருங்க சாக்ஸ் போடுறாங்க?" டெல்டா பக்கம் இப்படித்தான் கேட்பார்கள். வரப்பில் நடக்கிறவருக்குச் செருப்பே சுமைதான். ஆனால், காலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிக்கு சாக்ஸ் என்பது ஸ்டைல் இல்லை, பாதுகாப்பு.

இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக, 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வு சொன்னது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவிகிதம் பேர். சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்குள் இல்லாவிட்டால் கால் நரம்புகள் பாதிக்கப்படும். முதலில் எரிச்சல், பிறகு மதமதப்பு, கடைசியில் முள் குத்தினாலும் தெரியாது. வலி இல்லாததால் யாரும் காலைப் பார்ப்பதில்லை. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் சீக்கிரம் ஆறாது. விரலை எடுக்கிற நிலை பல நேரம் இப்படி ஒரு சின்னக் கொப்புளத்தில்தான் தொடங்குகிறது.

கடையில் என்ன பார்க்கணும்?

* மேல்பட்டி: எலாஸ்டிக் இறுக்கமாக இருக்கக் கூடாது. சாக்ஸைக் கழற்றியதும் காலில் பள்ளமாகத் தடம் விழுந்தால், அது உங்களுக்கானது இல்லை.

* தையல்: சாக்ஸை உள்பக்கம் திருப்பி, விரல் நுனிப் பகுதியைத் தடவிப் பாருங்கள். தடித்த தையல் இருந்தால் நாள் முழுக்க விரலில் உரசும். தையல் இல்லாதது அல்லது தட்டையான தையல் உள்ளது நல்லது.

* நிறம்: வெள்ளை அல்லது வெளிர் நிறமே சிறந்தது. ரத்தமோ சீழோ கசிந்தால் கறை உடனே தெரியும். கறுப்பு சாக்ஸ் அதை மறைத்துவிடும்.

* துணி: தனி நைலான் வேண்டாம். பருத்தி மென்மைதான், ஆனால் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். அதிகம் வியர்ப்பவர்களுக்கு, ஈரத்தை வெளியேற்றும் கலப்பு நூல் சாக்ஸ் உதவும்.

* அளவு: பெரிதாக இருந்தால் ஷூவுக்குள் சுருண்டு கொப்புளம் வரும். தடிமனான சாக்ஸ் வாங்கினால், ஷூவும் அதற்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: வெரிகோஸ் வெயினுக்குப் போடும் இறுக்கமான சாக்ஸும் சர்க்கரை நோயாளிக்கான சாக்ஸும் ஒன்றல்ல. காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர் அதைப் போட்டால் ஆபத்து. டாக்டர் சொல்லாமல் வாங்காதீர்கள்.

நம்ம ஊருக்கான கவனம்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணி காயாது. அரை ஈர சாக்ஸைப் போட்டால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். ஐந்தாறு ஜோடி வைத்துக்கொண்டு தினமும் மாற்றுங்கள். ஓட்டை விழுந்ததைத் தைத்துப் போடாதீர்கள். தைத்த இடமே உரசும்.

மெட்டி அணியும் பெண்கள், அதன் மேல் சாக்ஸ் போட்டால் அழுத்தம் கூடும். விரல் வீங்கியிருந்தால் மெட்டியைக் கழற்றிவிடுவதே நல்லது.

சேற்று வயலில் இறங்க சாக்ஸ் சரிவராது. நனைந்தால் கெடுதல்தான். கால் மரத்துப்போனவர்கள் சேற்று வேலையை முடிந்தவரை வேறு யாரிடமாவது விடலாம். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், கரையேறியதும் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, உள்ளங்காலைப் பாருங்கள்.

பெரிய கோயில் கல்தளம் சித்திரை வெயிலில் எப்படிக் கொதிக்கும் என்று தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உணர்ச்சி இல்லாத பாதம் வெந்தாலும் தெரியாது. சாக்ஸ் போட்டாலும் அந்தச் சூட்டைத் தடுக்காது. காலையிலோ பொழுது சாய்ந்தோ போய் வாருங்கள். வெறும் காலோடும், செருப்பில்லாமல் சாக்ஸ் மட்டும் போட்டும் வீட்டுக்குள்ளேகூட நடக்க வேண்டாம் என்கிறது சர்வதேச நீரிழிவு பாத வழிகாட்டுதல்.

மார்கழியில் கால் சில்லிட்டால் வெந்நீர் ஒத்தடம், ஹீட்டர் வேண்டாம். தளர்வான சாக்ஸ் போட்டுப் படுத்தாலே போதும்.

செருப்பையும் மறக்காதீங்க

எந்த சாக்ஸும் மோசமான செருப்பை ஈடுகட்டாது. டாக்டர்கள் பரிந்துரைக்கும் எம்.சி.ஆர் செருப்புக்கு நம் மாநிலத்தோடு நெருங்கிய தொடர்பு உண்டு. வேலூர் சி.எம்.சி-யில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும், தொழுநோயால் உணர்விழந்த பாதங்களைக் காக்க மென்மையான ரப்பர் செருப்புகளைப் பயன்படுத்தினார்கள். அதே பாடம்தான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் உதவுகிறது.

ஆண்டுக்கு ஒருமுறையாவது அரசு மருத்துவமனையிலோ உங்கள் டாக்டரிடமோ பாத உணர்ச்சிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பார்கள், வலிக்காது.

தினமும் இரவு சாக்ஸைக் கழற்றியதும் அதில் கறை இருக்கிறதா, பாதத்தில் சிவப்போ கொப்புளமோ இருக்கிறதா என்று பாருங்கள். குனிய முடியாத அப்பா, அம்மாவுக்கு, பிள்ளைகள் நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். புண் தெரிந்தால் மஞ்சள் வைத்துக் காத்திருக்க வேண்டாம். மறுநாளே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.