எண்பது கிலோமீட்டரில் நின்றுபோன ஹாக்கி

தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடித்துக்கொண்டு நிற்கும் பத்து பேரிடம், 1983ல் உலகக் கோப்பையை வாங்கிய கேப்டன் யார் என்று கேட்டுப் பாருங்கள். பத்து பேரும் கபில்தேவ் என்பார்கள். அதற்கு மூன்று வருடம் முன்னால், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய இந்திய ஹாக்கி அணிக்கு யார் கேப்டன் என்று அதே பத்து பேரிடம் கேளுங்கள். ஒருவர் சொன்னால் அதிசயம். இத்தனைக்கும் அந்த வாசுதேவன் பாஸ்கரன் தமிழ்நாட்டுக்காரர். ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா கடைசியாக வாங்கிய தங்கமும் அதுதான்.

கிரிக்கெட்டைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பாட்டு பாடிப் பாடிப் புளித்துப்போன பாட்டு. மேட்டர் வேறு.

இந்திய ஹாக்கி இப்போது ஒன்றும் செத்துக் கிடக்கவில்லை. டோக்கியோவில் வெண்கலம், 2024 பாரிஸில் மறுபடி வெண்கலம். 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி சென்னை எழும்பூரில் நடந்தது. ஃபைனலில் மலேசியாவை 4-3 என்று ஜெயித்து இந்தியா கோப்பையைத் தூக்கியது. 2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 நாடுகள் வந்தன, ஜெர்மனி ஜெயித்தது, இந்தியா மூன்றாவது. பொதிகை எக்ஸ்பிரஸ் நின்று போகிற மதுரையில் ஒரு ஹாக்கி உலகக் கோப்பை! அதைப் பற்றி குற்றாலத்தில் எந்த டீக்கடையிலாவது பேச்சு அடிபட்டதா என்றால்... இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆக மேலே வெளிச்சம் இருக்கிறது. இருட்டு கீழேதான். சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் பத்துப் பதினைந்து பையன்கள் ஸ்டிக்கைத் தூக்கிக்கொண்டு வந்து ஆடுகிற கிளப் ஹாக்கி, அதைக் கண்டுகொள்ள ஆள் இல்லை.

கோவில்பட்டியைத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். கடலை மிட்டாய் (2020ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மிட்டாய்), தீப்பெட்டி, ஹாக்கி, இந்த மூன்றும்தான் அந்த ஊர். கரிசல் மண்ணில் தலைமுறை தலைமுறையாக ஹாக்கி ஆடுகிறார்கள். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதி அங்கே இருக்கிறது. செயற்கைப் புல்தரை மைதானம் இருக்கிறது. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கும்போது சுற்றுப்பட்டி ஜனமெல்லாம் வந்து உட்கார்ந்து பார்க்கும். 2022ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய இந்திய அணியில் இரண்டு தமிழ்நாட்டுப் பையன்கள் இருந்தார்கள். மாரீஸ்வரன் சக்திவேல் கோவில்பட்டிக்காரர். கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர், ஆனால் ஆட்டம் படித்தது கோவில்பட்டி விடுதியில். அந்தக் கார்த்திதான் அடுத்த வருடம் எழும்பூரிலும் இந்தியாவுக்காக ஆடினார்.

தென்காசியில் இருந்து கோவில்பட்டிக்கு சங்கரன்கோவில், கழுகுமலை வழியாகப் போனால் சுமார் 80 கிலோமீட்டர். 1986 அக்டோபரில் தூத்துக்குடி மாவட்டம் பிரிகிற வரைக்கும் இரண்டு ஊருமே திருநெல்வேலி மாவட்டம்தான். ஒரே கலெக்டர், ஒரே மாவட்டப் பள்ளி விளையாட்டுப் போட்டி. அப்படி இருந்தும் ஹாக்கி இந்த 80 கிலோமீட்டரைத் தாண்டி மேற்கே வந்து வேர் பிடிக்கவில்லை. கல்யாண வீட்டுக்கு அங்கிருந்து கடலை மிட்டாய் வருகிறது, ஸ்டிக் வரவில்லை :-)

ஏன்?

முதலாம் ஆண்டு எகனாமிக்ஸ் பேப்பர் எழுதியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கிரிக்கெட்டுக்கு உள்ளே நுழையச் செலவு கிடையாது. ஒரு மட்டை, ஒரு ரப்பர் பந்து, இருபது பேர் ஆடலாம். ஸ்டம்புக்குக் குச்சி, இல்லாவிட்டால் சுவரில் கரிக்கோடு. மேடு பள்ளம் இருந்தால் "லே, பந்து எழும்புது, பாத்து ஆடு" என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். அம்பயர் பேட்டிங் டீம் பையன். தென்காசி - குற்றாலம் ரோட்டில் பிளாட் போட்டுக் கல் நட்ட எந்தக் காலி மனையும் மைதானம்தான், வீடு கட்டுகிற வரைக்கும்.

ஹாக்கிக்கு ஆளுக்கு ஒரு ஸ்டிக் வேண்டும். ஒருவன் ஆடும்போது இன்னொருவனுக்குக் கொடுக்க முடியாது. கோல்கீப்பருக்கு பேட், ஹெல்மெட், நெஞ்சுக் கவசம் என்று ஒரு மூட்டை வேண்டும்; அந்த மூட்டையின் விலை எல்லா ஸ்டிக்கையும் சேர்த்தாலும் தாண்டிப் போகலாம். பந்தின் எடை கிரிக்கெட் பந்து மாதிரியேதான், 160 கிராம் அளவில். ஆனால் கிரிக்கெட்டில் அந்தக் கனத்த பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ரப்பர் பந்துக்கு மாறிக்கொண்டார்கள். அந்த ஒரு மாற்றம்தான் கிரிக்கெட்டை ஏழை வீட்டு விளையாட்டாக்கியது. இந்த வகையில் பெருமை லார்ட்ஸ் மைதானத்துக்குச் சேராது, ரப்பர் பந்து விற்ற பெட்டிக்கடைக்குச் சேரும். ஹாக்கியில் அப்படி ஒரு மலிவுப் பதிப்பு பரவவே இல்லை. கரடுமுரடுத் தரையில் அந்தப் பந்து எழும்பினால் பல் போகும்.

அதனால்தான் ஹாக்கிக்கு கிளப் வேண்டும். கிளப் என்றால் ஏதோ ஏசி ரூமும் சோபாவும் இல்லை. பழைய ஸ்டிக்கை வாங்கி வைத்துக் கொடுக்கிற ஒரு சீனியர் அண்ணன். கோல்கீப்பர் மூட்டையைத் தன் வீட்டுப் பரணில் வைத்துக்கொள்கிற ஒருவர். மைதானத்தில் கல் பொறுக்க நாலு பேர். பக்கத்து ஊர் டீமுக்கு போன் போட்டு ஞாயிற்றுக்கிழமை மேட்ச் வைக்கிற ஒரு செயலாளர். செலவைப் பத்து பேருக்குப் பங்கு போடுகிற ஏற்பாடு, அவ்வளவுதான். கோவில்பட்டியிலும் சுற்றுக் கிராமங்களிலும் இருப்பது இதுதான். அரசு விடுதி வந்து ஹாக்கி வந்த ஊர் இல்லை அது. ஹாக்கி இருந்ததால் விடுதி வந்த ஊர்.

இங்கேதான் கொள்கை வகுக்கிறவர்கள் தலைகீழாக யோசிக்கிறார்கள். ஸ்டேடியம் கட்டினால் விளையாட்டு வளரும் என்ற நம்பிக்கை. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்ததில் இருந்து இந்த நோய் ஆரம்பம். ஒரு தரை போடக் கோடிக்கணக்கில் ஆகிறது, ஆடுவதற்கு முன்னால் தண்ணீர் வேறு பாய்ச்ச வேண்டும். (அருவி கொட்டுகிற குற்றாலத்துக்காரர்கள் இதற்காவது முன்வரலாம்!) தரை வேண்டாம் என்று சொல்லவில்லை, சர்வதேச ஆட்டம் முழுக்க அதில்தான். ஆனால் புல்தரைக்கும் கரிசல் தரைக்கும் நடுவில் ஒரு படிக்கட்டு வேண்டுமே? கரடில் ஆடிப் பழகிய கிளப் பையன் பதினேழு வயதில் முதன்முதலாகப் புல்தரையில் கால் வைக்கும்போது, பந்து வழுக்கிக்கொண்டு ஓடுகிற வேகத்தில் பாதி நம்பிக்கை போய்விடும்.

போட்டிகளின் லட்சணமும் அப்படித்தான். சென்னையின் எம்.சி.சி. - முருகப்பா தங்கக் கோப்பை 1901ல் தொடங்கியது, நாட்டின் பழமையான ஹாக்கிப் போட்டிகளில் ஒன்று. இன்றைக்கு இந்த மாதிரி அகில இந்தியப் போட்டிகளின் அட்டவணையைப் பாருங்கள்: ரயில்வே, வங்கி, எண்ணெய் கம்பெனி, ராணுவம். எல்லாம் ஆபீஸ் டீம்கள். நன்றாக ஆடுகிற பையனுக்கு ஆபீஸில் வேலை கிடைத்துவிடும், கிளப்பில் இருந்து பிடுங்கிக்கொள்வார்கள். அந்தப் பையனுக்கு அது நல்லது. அவன் வீட்டுக்கு முதல் நிரந்தரச் சம்பளம் அது. யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் எட்டு வருடம் ஸ்டிக் கொடுத்து, டீ வாங்கிக் கொடுத்து, ஆட்டம் சொல்லிக் கொடுத்த கிளப்புக்கு என்ன கிடைக்கிறது? பேப்பரில் "கோவில்பட்டியைச் சேர்ந்த" என்று ஒரு வார்த்தை. கால்பந்தில் சின்ன வயதில் பயிற்சி கொடுத்த கிளப்புக்கு, வீரர் விலைபோகும்போது ஒரு பங்கு போக வேண்டும் என்று சர்வதேச விதியே இருக்கிறது. ஹாக்கி இந்தியா லீக் 2024 டிசம்பரில் மறுபடி உயிர் பெற்றபோது தமிழ்நாடு டிராகன்ஸ் என்ற டீமும் வந்தது, ஏலத்தில் லட்சங்கள் புரண்டன. அதில் ஒரு சின்னத் துளியாவது வீரர்கள் முதலில் ஆடிய கிளப்புக்குப் போக வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை, நியாயமான கணக்கு. முதலீடு போட்டவனுக்கு லாபத்தில் பங்கு.

அயர்லாந்திலும் இதே கதைதான் ஓடுகிறது என்பது கொஞ்சம் ஆறுதல். அங்கே ஹர்லிங் என்று ஒரு மட்டையாட்டம், ஹாக்கிக்குத் தூரத்துச் சொந்தம். கேலிக் கால்பந்துக்கும் அதற்கும் 1884ல் தொடங்கிய ஒரே சங்கம்தான். அப்படி இருந்தும் கில்கென்னி மாதிரி சில மாவட்டங்களில் மட்டும் ஹர்லிங் கொடிகட்டிப் பறக்கிறது (அகில அயர்லாந்துப் பட்டம் 36 முறை!), வேறு பல மாவட்டங்களில் கால்பந்து விழுங்கிவிட்டது. மட்டை பிடித்து ஆடுகிற ஆட்டத்துக்குச் சின்ன வயதிலேயே கை பழக வேண்டும், பழக்கிவிட ஊரில் ஆள் வேண்டும். ஒரு தலைமுறை விட்டால் போச்சு.

வெளிநாட்டுக்குப் போவானேன், குடகுக்குப் போய்ப் பார்க்கலாம். தென்காசி மாதிரியே மேற்குத் தொடர்ச்சி மலை, மழை. 1997ல் அங்கே ஒரு பெரியவர், பாண்டண்டா குட்டப்பா, குடும்பத்துக்கு ஒரு டீம் என்று ஹாக்கித் திருவிழா ஆரம்பித்தார். தாத்தாவும் பேத்தியும் ஒரே டீமில் ஆடலாம். வருடத்துக்கு ஒரு குடும்பம் பொறுப்பெடுத்து நடத்துகிறது. 2024ல் 360 குடும்பங்கள் ஆடி கின்னஸில் ஏறிவிட்டார்கள். ஒடிசாவின் சுந்தர்கர் பக்கம் ஆதிவாசி கிராமங்களில் இன்னும் சுவாரசியம். ஜெயித்த டீமுக்குப் பரிசு ஆடு! கப் இல்லை, காசு இல்லை, ஆடு. ராத்திரி சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அந்த மண்ணில் இருந்துதான் திலீப் திர்கே இந்தியாவின் கேப்டனாக வந்தார். 2023 உலகக் கோப்பைக்காக ரூர்கேலாவில் கட்டிய பெரிய ஸ்டேடியம் அதே சுந்தர்கர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. முதலில் ஆடு, அப்புறம் ஸ்டேடியம்!

இதற்கு ஒரு எதிர்க்கேள்வி வரும். பையன்கள் கிரிக்கெட் ஆடி சந்தோஷமாகத்தானே இருக்கிறார்கள், உங்களுக்கு என்ன வலி? நல்ல கேள்வி. சந்தோஷத்துக்கு ஆடுகிறவர்களை யாரும் தடுக்கப் போவதில்லை. 'சென்னை 600028', 'லப்பர் பந்து' எல்லாம் ஓடியது அந்த சந்தோஷம் உண்மை என்பதால்தான். (ஹாக்கிக்கு 'நட்பே துணை' ஒன்று வந்தது, 2019ல். அதுவும் காரைக்கால் கதை.) ஆனால் முன்னுக்கு வர நினைக்கிற பையனுக்கு ரப்பர் பந்து கிரிக்கெட் எங்கே கொண்டுபோய் விடும்? சேலம் சின்னப்பம்பட்டியில் இருந்து ஒரு நடராஜன் வந்தார். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு ஆயிரம் பேர் வரிசையில் நிற்கிறார்கள். டி.என்.பி.எல். மேட்ச் பார்க்க திருநெல்வேலி சங்கர் நகர் வரை போகலாம், பார்த்துவிட்டுத் திரும்பலாம். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிற மாநிலத்தில், கூட்டம் குறைவாக இருக்கிற வரிசையில் போய் நிற்பது புத்திசாலித்தனம். கோவில்பட்டி வீடுகளுக்கு இது எப்போதோ தெரிந்துவிட்டது. தென்காசி வீடுகளுக்குச் சொல்ல ஆளில்லை.

பதினோரு பேர் டீமும் 91 மீட்டர் மைதானமும் உடனே வேண்டியதில்லை. ஐவர் ஹாக்கி என்று ஒன்று வந்திருக்கிறது, 2024 ஜனவரியில் மஸ்கட்டில் அதற்கு உலகக் கோப்பையே நடந்தது. பெண்கள் பிரிவில் இந்தியா ஃபைனல் வரை போனது. அதற்குச் சின்ன மைதானம் போதும். சுற்றிலும் பலகை, அதனால் பந்து வெளியே ஓடாது. பத்து ஸ்டிக், இரண்டு கோல்கீப்பர் மூட்டை. நாலு நண்பர்கள் ஒரு பைக்குக்கு முன்பணம் கட்டுவதைவிடப் பெரிய தொகையாக இருக்காது.

குற்றாலத்தில் சாரல் விழா நடத்துகிறார்கள். ஆணழகன் போட்டி வைக்கிறார்கள், கொழு கொழு குழந்தைப் போட்டி வைக்கிறார்கள். குளிக்க வந்த கூட்டம் நின்று பார்க்கிறது. அந்த வாரத்தில் இரண்டு நாள் ஐவர் ஹாக்கி வைத்து, கோவில்பட்டியில் இருந்து நாலு கிளப்பை வரவழைத்தால் என்ன? ஆபீஸ் டீம் வேண்டாம், கிளப் மட்டும். வந்த டீம் ஒவ்வொன்றும் போகும்போது இரண்டு பழைய ஸ்டிக்கைத் தென்காசிப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு விட்டுவிட்டுப் போகச் சொல்லலாம். நுழைவுக் கட்டணமாக அதையே வாங்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம்.

பரிசுக்கும் கவலை இல்லை. ஆட்டுச் சந்தைக்கு இந்தப் பக்கம் பஞ்சமா என்ன?