கொடி இல்லாமல் சறுக்கியவர்

"பனிச்சறுக்கெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு, நமக்கெதுக்கு மச்சான்?" கென்டீனில் ஒரு நண்பன் கேட்டான். சிவ கேசவனைத் தெரியாதவன் கேள்வி!

மணாலிக்குப் பக்கத்து வசிஷ்ட் கிராமத்துக்காரர். விளையாட்டு லூஜ். மல்லாக்கப் படுத்து, கால் முன்னால் நீட்டி, பனிக்கட்டிப் பாதையில் பறக்கணும். பாதைக்கு எங்க போவது? சறுக்குவண்டிக்குச் சில்லுப் பூட்டி, மலை ரோட்டில் லொறிக்கும் ஆட்டு மந்தைக்கும் நடுவால பயிற்சி எடுத்தார். (ஹந்தானை இறக்கத்தில் செய்து பாருங்க, தெரியும்.) 1998 நகானோவிலிருந்து 2018 வரை 6 ஒலிம்பிக்.

ஆனா 2014 சோச்சியில் அவருக்கு இந்தியக் கொடி இல்லை. இந்திய ஒலிம்பிக் சங்கத் தேர்தல் கூத்தால் 2012 டிசம்பரிலேயே தடை. ஒலிம்பிக் கொடியின் கீழ்தான் சறுக்கினார். போட்டி முடிஞ்சு 2 நாளில் தடை நீங்கிச்சு!

சிரிக்காதீங்க. நம்ம கதையும் இதுதான். 2023 ஜனவரியில் இலங்கை உதைபந்துக்கு ஃபிஃபா தடை. நவம்பரில் கிரிக்கெட்டுக்கு ஐசிசி தடை; 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணமே தென்னாபிரிக்காவுக்குப் போயிருச்சு. அந்தப் பசங்க என்ன குற்றம் செஞ்சாங்க?

தடை போடணும்னா நிர்வாகிகளுக்குப் போடுங்க. அவங்க டிக்கெட்டையும் ஹோட்டலையும் வெட்டுங்க. கொடி வீரரிடமே இருக்கட்டும்.