மூட்டையைப் பிரிச்சுப் பாருங்க சாமி!

கடைப்பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம். அதை விட விசா ஆணி அதிகம். ஏழு வாரமா அதைத்தான் புடுங்கிக்கிட்டு இருந்தேன். ஒரு வழியா முடிஞ்சது. இதைப் புலம்பாம விட்டா எனக்குத் தூக்கம் வராது, அதனால இந்தப் பதிவு.

விஷயம் இதுதான். அடியேன் லண்டனில் பொட்டி தட்ட வந்து நாலு வருஷம் ஆகுது. முன்னாடி கூட வேலை பார்த்த யாழ்ப்பாணத்து நண்பன் ஒருத்தன், இப்போ கடலுக்கு அந்தப்பக்கம், ஐரோப்பாவில் இருக்கான். அவனுக்குக் கல்யாணம். "மச்சான், நீ வராட்டி நான் தாலி கட்ட மாட்டன்" என்று மிரட்டல் வேற. விமானத்தில் ரெண்டு மணி நேரம் கூட ஆகாது. திருச்செங்கோட்டில் பஸ் ஏறி கோயமுத்தூர் போய்ச் சேர்றதுக்குள்ள அங்க இறங்கிடலாம். ஆனா நம்ம கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட் ஆச்சே!

தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம் (தெரிஞ்சவங்க அடுத்த பத்திக்குத் தாவிடுங்க). நாமக்கல் பக்கம் லாரி வச்சிருக்கறவங்க கிட்ட நேஷனல் பர்மிட் என்று சொன்னா சட்டுனு புரியும். ஒரே பர்மிட், எல்லா மாநிலமும் போகலாம். ஷெங்கன் விசாவும் அந்த மாதிரிதான். 1985ல் லக்சம்பர்க் நாட்டில் ஷெங்கன் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில், மோசல் ஆற்றில் நின்ன ஒரு கப்பலில் ஐந்து நாடுகள் கையெழுத்துப் போட்டன. 1995ல் நடைமுறைக்கு வந்தது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரியில் முழுசா சேர்ந்ததோட இப்போ 29 நாடுகள். பிரிட்டன் மட்டும் எப்பவுமே இதுக்குள்ள கிடையாது. ஐரோப்பிய யூனியனில் இருந்த காலத்திலேயே கிடையாது. அதனால லண்டனில் எத்தனை வருஷம் வரி கட்டியிருந்தாலும், அந்தப்பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போக நமக்குத் தனியா விசா வேணும். ஜெர்மனியில் இருக்கும் என் பெரியம்மா பையனுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவன் வச்சிருக்கறதும் இதே இந்தியப் பாஸ்போர்ட்தான். ஆனா ஜெர்மன் குடியிருப்பு அட்டை இருக்கறதால, 180 நாளில் 90 நாள் வரைக்கும் மத்த ஷெங்கன் நாடுகளை ஜாலியா சுத்தி வர்றான். வயித்தெரிச்சல்.

சரி, நம்ம கதைக்கு வருவோம். (எந்த நாடு, எந்த அலுவலகம்னு சொல்லப் போறதில்ல. கேக்காதீங்க.) முதல்ல அப்பாயின்ட்மென்ட். ராத்திரி 12 மணிக்கு அலாரம் வச்சு எந்திரிச்சுப் பார்த்தா காலி இடமே இருக்காது. ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி விட்டுடலாமான்னு கை துறுதுறுன்னுச்சு. எழுதலை, நம்புங்க :-) ரெண்டு வாரம் கழிச்சு ஒரு இடம் மாட்டுச்சு.

அப்புறம் காகிதம். மூணு மாச பேங்க் கணக்கு, சம்பளச் சீட்டு, ஆபீஸ் கடிதம், டிக்கெட், தங்குற இடம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, கல்யாணப் பத்திரிகை. கட்டணம் 90 யூரோ (2024 ஜூன் வரைக்கும் 80). விசா கிடைக்காட்டி காசு திரும்ப வராது. எல்லாத்துக்கும் மேல, நான் பிரிட்டனில் சட்டப்படி இருக்கேன்னு ஆதாரம். முன்னாடி அதுக்கு ஒரு அட்டை இருந்துச்சு. 2024 டிசம்பரோட அதுக்கு ஆயுசு முடிஞ்சுது. இப்போ எல்லாம் ஈ-விசா. அதாவது என் குடியிருப்பு உரிமை ஒரு டேட்டாபேஸ்ல ஒரு வரி. கேக்கறவங்களுக்கு ஒரு எண் எடுத்துக் கொடுக்கணும், அதுக்கும் 90 நாள்தான் ஆயுசு. டேட்டாபேஸ்ல சோறு திங்கிற எனக்கே இது கொஞ்சம் பயமாத்தான் இருக்கு.

அடுத்தது பேரு. நமக்கு ஏது சர்நேம்? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பா பேரு இருக்கும். கவுன்ட்டரில் அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. ஒரு நிமிஷம் அப்பாதான் வந்திருக்காரோன்னு திரும்பிப் பார்த்தேன்.

அப்புறம் பிறந்த ஊரு. மல்லசமுத்திரம். அந்தம்மா மூணு தடவை எழுத்துக்கூட்டிப் பார்த்துட்டு விட்டுட்டாங்க. நான் பிறந்தப்போ அது சேலம் மாவட்டம். 1997 ஜனவரி 1ல் நாமக்கல் தனி மாவட்டமா செயல்பட ஆரம்பிச்சுது. அதனால பிறப்புச் சான்றிதழில் சேலம், பள்ளிக்கூடச் சான்றிதழில் நாமக்கல். "ரெண்டுல எது சரி?" என்றார். ரெண்டும் சரிதாங்க! நான் எங்கேயும் நகரலை, மாவட்டம்தான் நகர்ந்து போச்சு. இதை இங்கிலீஷ்ல சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்கு வேர்த்துப் போச்சு.

எனக்குப் பயம் வரக் காரணம் உண்டு. ரெண்டு வருஷம் முன்னாடி ஆபீஸ் கருத்தரங்கு ஒண்ணுக்காக இதே மாதிரி விண்ணப்பிச்சு நிராகரிச்சுட்டாங்க. அதுக்குன்னு அச்சடிச்ச ஒரு தாள் வரும். காரணங்கள் வரிசையா இருக்கும், ஒண்ணுல டிக் அடிச்சிருப்பாங்க. எனக்கு அடிச்சது, விசா முடியறதுக்குள்ள திரும்பிப் போற எண்ணம் இருக்கான்னு சந்தேகமா இருக்கு என்ற கட்டத்தில். திரும்பிப் போறதுன்னா எங்கே? லண்டனுக்கா, மல்லசமுத்திரத்துக்கா? "எப்ப கண்ணு திரும்பி வருவே?"ன்னு அம்மா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கேக்கறதும் இதே கேள்விதான். அம்மாவுக்கும் பதில் சொல்ல முடியலை, அதிகாரிக்கும் முடியலை.

இந்தத் தடவை இன்னொரு சோதனை. விண்ணப்பம் கொடுத்தா பாஸ்போர்ட்டையும் வாங்கி வச்சுக்குவாங்க. சாதாரணமா 15 நாள், இழுத்தா 45 நாள் வரைக்கும் ஆகலாம் என்பது விதி. எனக்கு இழுத்துச்சு. மூணாவது வாரத்தில் வீட்டிலிருந்து போன். அப்புச்சி கிணத்து மேட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு ஆஸ்பத்திரியில் கிடக்கறார். உடனே கிளம்பணும். ஆனா பாஸ்போர்ட் கையில இல்லை! விண்ணப்பத்தை வாபஸ் வாங்கினாலும் கைக்கு வர ஒரு வாரம் ஆகும்னாங்க. ஊருக்குப் போக எனக்கு எந்த விசாவும் வேண்டாம், என் நாடு. ஆனாலும் போக முடியலை. அன்னிக்கு ராத்திரிதான் முதல் தடவையா இந்தப் பொழப்பு மேல வெறுப்பு வந்துச்சு. ஆபரேஷன் முடிஞ்சு அப்புச்சி இப்போ ஊன்றுகோலோட நடக்கறாரு. அதனாலதான் இதைச் சிரிச்சுக்கிட்டு எழுத முடியுது.

விண்ணப்பம் கொடுத்த முப்பத்து மூணாம் நாள், கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி பாஸ்போர்ட் வந்தது. ஆறு நாளைக்கு, ஒரே ஒரு தடவை போயிட்டு வர விசா.

இப்போ என் கருத்து. ஒரு நாட்டுக்கு உள்ளே யாரை விடறதுன்னு முடிவு பண்ற உரிமை அந்த நாட்டுக்கு உண்டு. விசா முடிஞ்சும் தங்கிடறவங்க இருக்காங்க, போலிக் காகிதம் கொடுக்கறவங்களும் இருக்காங்க. அதை மறுத்தா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம். எதைப் பார்த்து முடிவு பண்றாங்க என்பதில்தான் எனக்குச் சண்டை.

எங்க ஊர்ல கூட்டுறவு சங்கம் நடத்துற பருத்தி ஏலம் பேர் போனது. வியாபாரி வருவார், மூட்டையைப் பிரிச்சுக் கையை விட்டுப் பஞ்சை எடுத்து இழுத்துப் பார்ப்பார், அப்புறம்தான் விலை சொல்வார். இது எந்த ஊரு காடுன்னு மட்டும் கேட்டுட்டு விலை சொன்னா எந்த விவசாயியாவது ஒத்துக்குவாரா? விசா கவுன்ட்டரில் நடக்கறது அதுதான். நாலு வருஷ வரி, வாடகை, வேலை, ஒரு சட்டமீறலும் இல்லாத பதிவு எல்லாம் மூட்டைக்குள்ள இருக்கு. அதைக் கேட்டு வாங்கிக்கறாங்க. விலையை மட்டும் பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சொல்றாங்க. ஒருத்தன் எங்க பொறந்தான் என்பதை விட, எங்க எப்படி வாழ்ந்துட்டு இருக்கான் என்பதுக்கு மதிப்பு அதிகம் இருக்கணும்.

இது நடக்காத காரியமும் இல்லை. மெக்சிகோ, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஜப்பான், ஷெங்கன் விசா செல்லுபடியா வச்சிருக்கறவங்களைத் தனி விசா இல்லாம உள்ளே விடுது. ஒருத்தர் ஏற்கனவே சலிச்சு எடுத்ததை நாம ஏன் மறுபடி சலிக்கணும்னு ஒரு கணக்கு. எளிய கணக்குதானே?

இன்னொரு வேடிக்கை கேளுங்க. 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் இந்தியர்களுக்கு ஒரு சலுகை கொடுத்துச்சு. மூணு வருஷத்துக்குள்ள ரெண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்கா போய் வந்தா, அடுத்தது ரெண்டு வருஷ விசா, அப்புறம் அஞ்சு வருஷம். நல்ல விஷயம். ஆனா அது இந்தியாவில் வசிச்சு, இந்தியாவிலேயே விண்ணப்பிக்கற இந்தியர்களுக்கு மட்டும்! மல்லசமுத்திரத்திலேயே இருந்திருந்தா எனக்கும் அந்தச் சலுகை உண்டு. லண்டன் வந்ததால் இல்லை. ரெண்டுங்கெட்டான் என்று எங்க அப்பத்தா திட்டும்போது அர்த்தம் புரியலை. இப்போ புரியுது.

"பேசாம அந்த ஊரு பாஸ்போர்ட்டை வாங்கிடுப்பா"ன்னு சொல்றவங்க உண்டு. வாங்கினவங்களைத் துரோகின்னு சொல்ற கூட்டத்தில் நான் இல்லை. அது அவங்கவங்க வாழ்க்கை. ஆனா வேற குடியுரிமை வாங்கின நிமிஷமே இந்தியக் குடியுரிமை போயிடும். ரெண்டும் வச்சுக்க நம்ம சட்டம் விடாது. ஓ.சி.ஐ. அட்டை கிடைக்கும், ஆனா ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. அப்பாவோட ரெண்டு ஏக்கர் வாரிசா வந்தா வச்சுக்கலாம், பக்கத்துக் காடு விலைக்கு வந்தா ஒரு சென்ட் கூடச் சேர்க்க முடியாது. ஒரு கவுன்ட்டரில் மரியாதை கிடைக்கணும்னு இன்னொரு கவுன்ட்டரில் என்னை எழுதிக் கொடுக்கணுமா? எனக்கு மனசு வரலைங்க.

இவ்வளவும் வீராவேசமா பேசிட்டுத்தான் கல்யாணத்துக்குப் போனேன். அங்கே என் வாயை அடைச்ச விஷயம் ஒண்ணு நடந்துச்சு.

நண்பனோட அப்பா 1990ல் ஊரை விட்டு ஓடி, பல நாடு தாண்டி ஐரோப்பா போய் அகதியானவர். இன்னிக்கு அந்தக் குடும்பத்துக்கு அந்த நாட்டுப் பாஸ்போர்ட். லண்டன் வர்றதுன்னா போன்லயே ஈ.டி.ஏ. அனுமதி வாங்கிட்டு அவன் வந்துடறான். அதே வருஷம் அவனோட சித்தி படகேறி ராமேஸ்வரம் வந்தார். இன்னிக்கும் தமிழ்நாட்டில் ஒரு மறுவாழ்வு முகாமில்தான் இருக்கார். அவர் பொண்ணு முகாமிலேயே பொறந்தவ, என்னை விட ரெண்டு வயசு சின்னவ, நம்ம ஊர்ல படிச்சு எஞ்சினியர் ஆனவ. 1987 ஜூலைக்கு அப்புறம் இங்கே பொறந்தவங்களுக்கு அப்பா அம்மாவில் ஒருத்தராவது இந்தியரா இருக்கணும் என்பது சட்டம். அதனால அவளுக்குக் குடியுரிமை இல்லை, இந்தியப் பாஸ்போர்ட்டும் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை கிடையாது. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிவு பண்ணின இலங்கைத் தமிழ் அகதிகளுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கு கொடுத்தாங்க. நிம்மதிதான். ஆனா அது குடியுரிமை இல்லையே!

சித்தியும் பொண்ணும் வாட்ஸப் வீடியோவில்தான் கல்யாணம் பார்த்தாங்க. போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான். "நீங்க நாமக்கல் பக்கம்தானே அண்ணா? நானும் அங்கதான் காலேஜ் படிச்சனான்" என்றாள். நம்ம மண்ணில் பொறந்து நம்ம தண்ணி குடிச்சு வளர்ந்தவளோட மூட்டையை நாமளும் பிரிச்சுப் பார்க்கலையே. எந்தக் காடுன்னு மட்டும்தானே கேட்டோம்?

ஷெங்கன்காரனைத் திட்டறதை நான் நிறுத்தப் போறதில்லை. ஆனா திட்டும்போது அதே வாயால இதையும் கேக்கணும்னு முடிவு பண்ணியிருக்கேன். வாழ்ந்த இடத்துக்கு மதிப்பு கொடுன்னு லண்டனில் நின்னு கேக்கற எனக்கு, அதைத் தமிழ்நாட்டுக்கும் கேக்கற கடமை இருக்கு.

நீங்க என்ன நினைக்கறீங்க? பின்னூட்டத்தில் வந்து கும்முங்க.

டிஸ்கி: மெக்சிகோ போகலாமேன்னு யாரும் சொல்லாதீங்க. டிக்கெட் விலை பார்த்துட்டேன். அவ்வ்வ்வ்...