கள்ள விண்டோஸ் இனி நம் கையால் ஏறக்கூடாது



மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை, புதுக் கணினி வாங்கிய வீடு முதலில் கூப்பிடுவது நம்மைத்தான். கடைகளில் விண்டோஸ் போட்டுக் கொடுப்பவர்கள், பாடசாலைகளில் தகவல் தொழினுட்பம் படிப்பிப்பவர்கள், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பிமார், தங்கச்சிமார் எல்லோரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பெட்டியைப் பிரிப்பது நாம். அதற்குள் முதலில் எதை ஏற்றுவது என்று முடிவெடுப்பதும் நாம்.

நடப்பதை மறைக்காமல் பேசுவோம். கட்டாரில் வெயிலில் நின்று வாப்பா அனுப்பிய காசில், உயர்தரம் படிக்கும் மகளுக்கு ஒரு கணினி வருகிறது. வந்த அன்றே கள்ள விண்டோஸ், கள்ள ஒபிஸ், கள்ள போட்டோஷொப் எல்லாம் அதற்குள் ஏறிவிடுகின்றன. அவற்றைத் திறக்கும் கிரக், ஓடுவதற்கு முன் ஒரு நிபந்தனை வைக்கிறது: விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிபென்டரை நிறுத்து. நாமும் நிறுத்துகிறோம். வாசலில் நின்ற காவற்காரனை அனுப்பிவிட்டு, யார் எழுதினார் என்றே தெரியாத ஒன்றின் கையில் வீட்டுச் சாவியைக் கொடுக்கிறோம். அப்டேட் வந்தால் கிரக் உடைந்துவிடும் என்று அப்டேட்டையும் பூட்டிவிடுகிறோம். வீட்டுக்காரர் தேத்தண்ணி ஊற்றித் தந்து, துஆச் செய்து நம்மை அனுப்புகிறார். உண்ணும் உணவில் ஹலால் பார்க்கிற ஊர் நம்முடையது. இந்தக் களவு மட்டும் ஏன் நம் கண்ணில் படவில்லை?

அந்தக் கிரக்கோடு எது உள்ளே வருகிறது என்பது இரகசியமில்லை. 'ஸ்டொப்' என்றும் 'டிஜேவு' என்றும் அழைக்கப்படும் கப்பம் கேட்கும் வைரஸ் குறிவைப்பது வங்கிகளையோ பெரிய கம்பனிகளையோ அல்ல. நம்மைப் போன்ற வீடுகளையே. அது பரவும் முக்கிய வழியே கிரக்தான். கணினியிலுள்ள படங்கள், ஒப்படைகள், ஸ்கேன் செய்த உறுதிகள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு 980 டொலர் கேட்கும். 72 மணித்தியாலத்துக்குள் தந்தால் 490 என்று கழிவும் பேசும். பலமுறை அதோடு ஒரு உளவு நிரலும் சேர்ந்தே வந்திருக்கிறது. பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளையும், உள்ளே நுழைந்திருக்கும் கணக்குகளின் குக்கிகளையும் அள்ளிக்கொண்டு அது சத்தமில்லாமல் போய்விடும். பேஸ்புக் கணக்கு பறிபோன பிறகுதான் வீட்டுக்கு விஷயம் தெரியவரும். விசாவுக்காக ஸ்கேன் பண்ணி வைத்த கடவுச்சீட்டும் அடையாள அட்டையும் யார் கைக்குப் போயின என்பது ஒருபோதும் தெரியவராது.

இழப்பு என்றால் என்னவென்று இந்தக் கரைக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில், மௌத்தானவர்களின் ஒரேயொரு படத்தையும் காணி உறுதியையும் கடலுக்குக் கொடுத்த வீடுகள் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் இருக்கின்றன. அன்று அவற்றுக்குப் பிரதி இருக்கவில்லை. இன்று ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் போதும். வாரம் ஒருமுறை பிரதி எடுத்து, உடனே கழற்றி அலுமாரியில் வைக்கவேண்டும். கணினியில் மாட்டியபடியே விட்டால் கப்ப வைரஸ் அதையும் சேர்த்தே பூட்டிவிடும்.

பிரதி இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை நம் அரசாங்கமே காட்டியது. 2023 ஓகஸ்ட் 26இல் கப்ப வைரஸ் லங்கா அரசாங்க கிளவுட்டைத் தாக்கியபோது, அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச மின்னஞ்சல்களைப் பாவித்தவர்களுக்கு மே 17 முதல் அன்று வரை வந்த கடிதங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. காலாவதியான 2013ஆம் ஆண்டுப் பதிப்பு மென்பொருள் ஒரு பக்கம், அந்த மாதங்களுக்குப் பிரதி இல்லாதது மறு பக்கம். 2017 மே 12இல் உலகத்தையே உலுக்கிய வொன்னக்ரை என்ற கப்ப வைரஸுக்கும் மருந்து மார்ச் 14ஆம் திகதியே அப்டேட்டாக வந்திருந்தது. போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள். விண்டோஸ் 10க்கான வழமையான அப்டேட்டுகளும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றுவிட்டன. இன்னும் பழைய பதிப்பையே புதிது என்று போட்டுக் கொடுக்கும் கைகளை நாம்தான் தடுக்கவேண்டும்.

எனவே ஒரு வீட்டுக்கு ஒரு மணித்தியாலம் கேட்கிறேன். விண்டோஸை மைக்ரோசொப்டின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். லைசன்ஸ் வாங்க வசதியில்லையா, கணினி பழையதா? லினக்ஸ் மின்டும் லிப்ரே ஒபிஸும் இலவசம். ஒப்படை எழுத அவை தாராளம். டிபென்டரில் கைவைக்காதீர்கள். அட்மின் கணக்கைப் பெரியவரிடம் கொடுத்து, பிள்ளைக்குச் சாதாரணக் கணக்கு ஒன்றைத் திறந்து கொடுங்கள். பயர்பொக்ஸில் விளம்பரத் தடுப்பான யூபிளொக் ஒரிஜினைச் சேர்த்துவிடுங்கள்.

கணினி நிறைய விளம்பரம் பாய்கிறது, வைரஸ் பிடித்துவிட்டது என்று அழைக்கும் வீடுகளில் பலவற்றில் வைரஸே இருப்பதில்லை. படம் பார்க்கப் போன தளமொன்று "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அனுமதியை அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கும்; பிள்ளை அழுத்தியிருக்கும். அந்த ஒரு அழுத்தல் போதும், தளத்தை மூடிய பிறகும் திரையின் மூலையில் அறிவித்தல்கள் வந்துகொண்டே இருக்கும். பிரவுசர் அமைப்புகளில் அறிவித்தல் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினால் தொல்லை முடிந்தது. இதற்குப் போய் முழு விண்டோஸையும் அழித்துக் காசு வாங்குவது அநியாயம், தோழர்களே. அந்த வீட்டு உம்மாவுக்கே அதை நீக்கக் காட்டிக்கொடுங்கள்.

தங்கச்சிமாரே, உங்களிடம் தனியாக ஒன்று கேட்கவேண்டும். ஆண்கள் வெளிநாட்டிலிருக்கும் வீட்டில், அறிமுகமில்லாத இளைஞன் ஒருவன் மணிக்கணக்கில் இருந்து கணினி பார்ப்பது நம் ஊரில் நடவாது. ஆகவே குடும்பப் படங்கள் அத்தனையோடும் அது கடைக்குப் போகிறது. திரும்பி வரும்வரை அந்த வீட்டுப் பெண்ணுக்கு நித்திரை வராது. சிலர் அந்தப் பயத்திலேயே பழுதான கணினியை மூலையில் மூடிவைத்திருக்கிறார்கள். படித்த நீங்கள் இருவர் இருவராகச் சேர்ந்து அந்த வீடுகளுக்குப் போகவேண்டும். இந்த வேலையில் உங்கள் இடத்தை எங்களால் நிரப்ப முடியாது.

கொமியூனிகேஷன் கடை நடத்தும் சகோதரர்களே, ஊரிலுள்ள எல்லோருடைய பென் டிரைவும் உங்கள் ஒரே கணினியில்தான் ஏறி இறங்குகிறது. போல்டரெல்லாம் ஷோர்ட்கட்டாக மாறும் வைரஸ் அங்கிருந்துதான் வீடு வீடாகப் போகிறது. மாட்டும் ஒவ்வொரு பென் டிரைவையும் ஸ்கேன் செய்த பிறகே திறவுங்கள்.

மாட்டிக்கொண்ட வீடு அழைத்தால், முதலில் இணையத்தைத் துண்டிக்கச் சொல்லுங்கள். கப்பம் கட்டவிடாதீர்கள். கணினி அவசரநிலைகளைக் கவனிக்கும் இலங்கை சேர்ட்டின் 101ஐ அழையுங்கள். பூட்டிய கோப்புகளை ஐரோப்பியப் பொலிஸ் அமைப்பான யூரோபோலும் பங்காளியாக இருக்கும் 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சோதித்துப் பாருங்கள். சில வகைகளுக்கு இலவசச் சாவி அங்கே இருக்கிறது. வேறு சுத்தமான கணினியிலிருந்து பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

இந்த வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் தொடங்குவோம். கிரக் நிறைந்திருக்கும் அந்தப் பென் டிரைவை முழுதாக அழித்துவிட்டு, சுத்தமான விண்டோஸ் ஒன்றையும் லினக்ஸ் மின்ட் ஒன்றையும் ஏற்றிக்கொண்டு வாருங்கள். முதலில் உங்கள் சாச்சி வீட்டுக் கணினி, பிறகு அந்த ஒழுங்கையிலுள்ள மற்ற வீடுகள்.